உரிச்சொற்களை நீக்கியபின்

மழை விட்டுப் பழகாத ஊர், புவெர்த்தோ மோன்ட்.
சால்மன் வெட்டும் ஆலையின் மாடியில்
என் அறை. கதவில்
மனிதவளம் என்று எழுதியிருக்கிறது.
கீழே மீனை எடைபோடுகிறார்கள்.
மேலே நான் விடுப்புகளை.

முதலில் வந்தவள் நயாதெத்.
தோலுரிக்கும் வரிசை, இரவு ஷிப்ட்.
"ஓயார்சூன் ஒரு மிருகம்" என்றாள்.
எழுதிக்கொண்டேன்.
பொல்லாதவர், ஈவிரக்கமற்றவர், வாய் கெட்டவர்.
தாள் நிறைந்துவிட்டது.
திரும்ப வாசித்தால்
அதில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை.

இயக்குநர் அந்தத் தாளை
இரண்டு விரலால் நகர்த்தினார்.
"கண்டிப்பானவர் என்று சொல், யாஸ்னா.
அவர் வரிசையில்தான்
நாளுக்கு நாற்பது டன்."
அவர் வைத்ததும் ஓர் உரிச்சொல்தான்.
அதன் பின்னால் டன் இருந்தது.

அதற்குப் பிறகு
எப்படிப்பட்டவர் என்று யாரையும் கேட்பதில்லை.
மணி என்ன? கையில் என்ன வைத்திருந்தார்?
எந்தச் சொல், அப்படியே சொல்.
பக்கத்தில் யார் நின்றது?
அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்,
அழுததை எழுதவில்லை.
ஆறு நாற்பதுக்குக் கழிப்பறை போனாள்,
ஏழு பத்துக்குத் திரும்பினாள் என்று எழுதினேன்.

மே நான்கு. ஈரக் கையுறையை
முகத்தில் எறிந்தார். அளவு எட்டு.
சாட்சி: ஹெரால்தோ மான்சில்யா,
பனிக்கட்டி வண்டி தள்ளுபவர்.

மே பத்தொன்பது. ஒலிபெருக்கியில்:
"தீவுக்காரிக்குக் கணக்கு எங்கே வரும்?"
கேட்டவர்கள் அறுபத்திரண்டு பேர்.
பெயர் கொடுத்தவர்கள் மூன்று.

ஜூன் இரண்டு. ஆறு மாதக் கர்ப்பிணியை
குளிர் அறையில் நாற்பது நிமிடம்
பெட்டிகளை எண்ணச் சொன்னார்.
பெட்டிகள் ஏற்கெனவே எண்ணப்பட்டிருந்தன.

இந்த வரியோடு பேனாவை மூடினேன்.
ஜன்னலுக்கு வெளியே கழிவுக் குழாயருகில்
கடற்சிங்கங்கள் ஒன்றையொன்று
தள்ளிக்கொண்டிருந்தன.

ஒருநாள் அவரே படியேறி வந்தார்.
புகையிட்ட மீன் ஒரு பொதி, எனக்காம்.
"என்னைப் பற்றி ஏதோ எழுதுகிறாயாமே."
கதவைச் சாத்தாமல் பேசினேன்.
அவர் போனதும் பொதியைத் தராசில் வைத்து
அதையும் எழுதினேன்:
எழுநூறு கிராம், அன்றே திருப்பி அனுப்பப்பட்டது.

இயக்குநருக்கு அவர் மொழியில் பேச வேண்டும்.
பதினான்கு மாதத்தில் பத்தொன்பது பேர் விலகல்.
ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஒரு புதுக்கை,
மூன்று வாரம் கத்தி பழக,
நடுவில் ஒரு விரல் தைக்க.
விடிய விடியக் கழித்துப் பார்த்தேன்.
நாற்பது டன்
முப்பத்தொன்றாகி நின்றது.

கோப்பைக் கட்டும் இரவில்
நயாதெத்தின் பழைய தாள் கையில் வந்தது.
அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம்.
அதில் தேதிகூட இல்லை, எல்லாமே வசை.
ஆனால் எனக்குத் தேதி தெரியும்.

போன ஆகஸ்ட் பதினொன்று, மாலை நாலரை.
சொன்ன சொல்: "கொஞ்சம் பொறு, அவர் அப்படித்தான்."
சொன்னவர்: யாஸ்னா பாரியா, மனிதவளம்.
கையில் இருந்தது: காப்பிக் கோப்பை.
சாட்சி என்ற இடத்தில்
சும்மா ஒரு கோடு போட்டேன்.
பிறகு அதை அடித்துவிட்டு
அவள் பெயரை எழுதினேன்.

வியாழக்கிழமை ஓயார்சூனிடம்
அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டேன்,
விசாரணை முடியும்வரை.
வெளியாள் ஒருத்தி வால்திவியாவிலிருந்து வருகிறாள்.
அவள் என்னையும் கேட்பாள்.
கீழே யாரும் கைதட்டவில்லை.
ஒலிபெருக்கி ஓய்ந்ததில்
கத்திகளின் சத்தம் மாடிவரை வந்தது, அவ்வளவுதான்.

நயாதெத் வேலையை விட்டு ஒன்பது மாதம்.
எண் மாறியிருக்கும் என்று நினைத்தே அழைத்தேன்.
எடுத்தாள்.
எப்படி இருக்கிறாய் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
"இப்போது எங்கே நிற்கிறாய்?" என்றேன்.

"பேருந்து நிறுத்தத்தில்" என்றாள்.
"பக்கத்தில் யாருமில்லை. சொல்."