மூன்று தரம்

இங்கே சுத்தியல் கிடையாது.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று
தொண்டை கிழியக் கூவ ஆளும் இல்லை.
துலூத் நகரில், துணி உலர்த்தியின் மேல் வைத்த
என் மடிக்கணினியில்
கடைசிப் பத்து நொடிகள் சிவப்பாகி
அறுபத்து நான்கு டாலர் என்று நின்றது.

பொருள்: கதவுக் குமிழ்கள், பதினொன்று.
கண்ணாடி. எண்கோணம். ஒன்றில் விரிசல்;
மூன்றாம் படத்தில் மறைக்காமல் காட்டியிருக்கிறேன்.
ஏரிக்கரையில் இடித்த விடுதியிலிருந்து
திருகு திருகாக நானே கழற்றியவை.
இடிப்பு வேலை ரைனோவுக்கு
இருபது டாலரும் ஒரு காபியும் அழுதேன்.

நிபந்தனைகள் தடித்த எழுத்தில்:
மூன்று நாளில் பணம்.
காசோலை வேண்டாம்.
உறையில் ரொக்கம் வேண்டவே வேண்டாம்.
வேண்டவே-க்கு அடிக்கோடு.

வென்றவன் நெப்ராஸ்காக்காரன். டூமா.
வென்றதோடு சரி,
கிணற்றில் போட்ட கல்.

மூன்றாம் நாள் எழுதினேன்:
வாழ்த்துகள், நேரம் கிடைக்கும்போது,
ஒரு சிரித்த முகம்.
ஆறாம் நாள் முகத்தை எடுத்துவிட்டேன்.
ஒன்பதாம் நாள் உட்கார்ந்தபோது
சொற்கள் தாமாக வந்து விழுந்தன:
'தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.'
கொண்டுவருகிறோமா?
இந்த வீட்டில் நானும் உலர்த்தியும்தான்.

பிறகுதான் உறைத்தது.
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்தின் அடியில்,
மின்சாரக் கம்பெனியின் கடிதம்.
வரிக்கு வரி அதே நடை.
பிப்ரவரி பாக்கி எழுபத்தொன்று.
அந்தக் கடிதத்தில் நான்தான் டூமா.

அதற்காக அவனுக்கு வாய்தா கொடுத்தேனா?
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
மூணு தரம்.

அவன் நாணயத்தைப் பற்றி
புகார்ப் பெட்டியில் நான்கு வரி எழுதிவிட்டு
ஐம்பத்தொன்றுக்குக் கேட்டுத் தோற்ற
டெல்ஃபின் ப்ரூவுக்குக் கொடுத்தேன்.
நான்கு நிமிடத்தில் பணம் வந்தது.
ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு பழைய காலுறை மாட்டி
வெர்மான்டுக்கு அனுப்பினேன்.

பத்தொன்பதாம் நாள் ஓர் உறை.
தடித்த, பழுப்பு, பசு வாசனை அடிக்கும் உறை.
உள்ளே மூன்று இருபது, ஒரு பத்து, எட்டு ஒற்றை:
விலையும் தபால் செலவும், சல்லி பிசகாமல்.
தபால்தலை ஏறியிருந்தால் என்று
அட்டையில் ஒட்டிய நாணயம் இரண்டு.

பென்சிலில் எழுதியிருந்தான்:
கணினி நூலகத்தினுடையது.
கன்று ஈனும் காலம், ஊர்ப்பக்கம் போகவில்லை.
உங்கள் மூன்று கடிதமும் இன்றுதான் சேர்ந்தாற்போல் படித்தேன்.
முதல் இரண்டும் நீங்கள்.
மூன்றாவதை எழுதியது யார், வக்கீலா?
பத்துக் குமிழ் வீட்டுக்கு.
விரிசல் விட்டது கோழிக்கூண்டுக்கு.
இப்படிக்கு, வெர்லின் டூமா.

விதிப்படி நான் சரி.
தடித்த எழுத்தில் சரி.

அன்று ராத்திரி எழுபத்தெட்டு டாலரும்
எழுபத்தொன்று பாக்கிக் கடிதமும்
ஒரே மேசையில் கிடந்தன.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்,
சிக்கனம் என்று சொல்லிக்கொண்டேன்.

காலையில் ரைனோவைக் கூப்பிட்டேன்:
மேல்மாடியிலும் கதவுகள் இருக்கிறதா?
இருந்தது, என்றான்.

பணத்தைப் பதிவுத் தபாலில் திருப்பினேன்.
நாணயம் ஒட்டிய அட்டையையும் வைத்தேன்,
பிரிக்காமல்.
உள்ளே ஒரு தாள்:
அன்புள்ள வெர்லின், மூன்றாவதும் நான்தான்.
அதற்குக் கீழே எழுதிய மூன்று வரியை அடித்துவிட்டேன்;
பென்சில் இல்லை, பேனா,
அடித்தது தெரியும்.

இன்று ஒரு பித்தளைத் தபால்பெட்டியை
ஏலத்துக்கு ஏற்றினேன்.
நிபந்தனையில் மூன்று நாள் என்பதை
இருபது நாளாக்கிப் பார்த்தேன்.
மின்சாரக்காரன் எனக்குக் கொடுத்தது பத்து.
மறுபடி மூன்றாக்கினேன்.
வேண்டவே-யின் அடிக்கோட்டை மட்டும்
எடுத்துவிட்டேன்.