ஆகஸ்டில் வரும் அழைப்புகள்

ஆகஸ்ட் பிறந்தால் நாற்றுப்பண்ணைத் தொலைபேசி ஓயாது.
தீவின் தென்கோடி இன்வர்கார்கிலில்
கையுறையைப் பல்லால் உருவியபடி எடுப்பேன்.
"எங்கள் டாஃப்னி செத்துக்கொண்டிருக்கிறது" என்பார்கள்.
பெயர் சொல்வதில்லை, வணக்கமும் இல்லை.
எந்த ஊர், என்பேன்.
செடியின் சாதகம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

கெரிகெரியிலிருந்து ரவிரி பராத்தா.
ஆரஞ்சு காய்க்கிற ஊர், பனி விழுந்தால் செய்தி.
வடக்குச் சுவரை ஒட்டி நட்டிருக்கிறார்,
வடக்குதான் குளிர்ச்சி என்று புத்தகத்தில் படித்து.
ஐயா, அந்தப் புத்தகம் இங்கிலாந்தில் எழுதியது.
நம் சூரியன் வடக்கே நின்று சுடுகிறான்.
தலைகீழாய்ப் பிடித்து வாசியுங்கள்.
காலையில் ஒரு வாய் வெயில்,
பிறகு நாள் முழுக்க நிழல்.

அலெக்ஸாண்ட்ராவிலிருந்து ஐஸபெல் ராட்ரே.
நேற்றிரவு மைனஸ் எட்டு. மொட்டெல்லாம் பழுப்பு.
இலையோரம் மஞ்சள் கோடு ஓடுகிறதா?
இல்லை, முழுப் பச்சை.
மஞ்சள் கோட்டுக்காரி என்றால் சற்றுத் தாங்குவாள்.
கணவரின் கம்பளியைப் போர்த்திவிட்டிருக்கிறாளாம்.
அவர் எதைப் போர்த்திக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

க்ரேமௌத்தில் மழை நிற்பதில்லை,
அழைத்தவளும் நிறுத்தவில்லை.
மேடு கட்டி நடு, தாயே, என்று நடுவில் ஒரு முறை சொல்ல முடிந்தது.

சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை.
ஆனாலும் எங்கள் கொட்டகை வாசலில் ஒன்று நின்றது,
ஒன்பது வயது, இடுப்பு உயரம்.
அதற்கு வடிகால், நிழல், இலைமக்கு, எல்லாம் சரி.
ஒரு செவ்வாய்க்கிழமை தலை தொங்கியது.
வெள்ளிக்கிழமை விறகு.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
தெரிந்தமாதிரி பேசத்தான் எனக்குச் சம்பளம்.

அலஸ்டர் கத்தில் அழைத்தது ஓமாருவிலிருந்து.
வீட்டை விற்றாகிவிட்டது, பாதிப் பணம் அவளுக்கு.
படுக்கையறை ஜன்னலடியில் இருபது வருடத்து டாஃப்னி.
"தோண்டி எடுக்க எவ்வளவு பெரிய குழி வேண்டும்?"
தோண்டாதீர்கள் என்றேன்.
வேரைத் தொட்டால் பொறுக்காது அதற்கு.
ஜனவரி வரட்டும். இந்த வருடத் தளிர்,
அடி சற்று முற்றியதாய், விரல் நீளம் வெட்டுங்கள்.
"ஜனவரியில் அது என் வீடில்லையே" என்றார்.

ஜனவரி கடைசியில் ஒரு பொட்டலம் வந்தது.
ஈரச் செய்தித்தாளில் ஆறு குச்சிகள்.
மூன்றில் நீல நூல், மூன்றில் வெள்ளை.
வெள்ளை நெரிஸ்ஸாவுக்கு, என்று ஒரு சீட்டு.
புது வீட்டுக்காரரிடம் கத்தரிக்கோலோடு போய் நின்றாரோ,
இரவில் வேலி தாண்டினாரோ.

நீலம் மூன்றும் அழுகின.
வெள்ளையில் இரண்டு வேர் பிடித்தன.
அவரிடம் சொன்னேன்.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்,
தொலைபேசியில் அது இருமல்போலவும் கேட்டது.
ஒன்றை அவர் வாங்கிப்போனார்.

மற்றது மறு வருடம் ஆகஸ்டில் பூத்தது.
கொட்டகைக் கதவைத் திறக்குமுன்னே மணம்:
எலுமிச்சைத் தோலில் கிராம்பைக் குத்தி வைத்தாற்போல்.
பூவோ சுண்டுவிரல் நகத்தளவு,
இவ்வளவும் இதிலிருந்தா என்று வெட்கப்படுகிற அளவு.

அந்த வாரம் ஒரு பெண் அழைத்தாள்.
எந்த ஊர் என்றேன்.
"கெய்ர்ன்ஸ்."
கடலுக்கு அப்பால், ஆஸ்திரேலியாவின் வெப்ப முனை.
"இங்கே டாஃப்னி வளருமா?"
வளராது. இரவு குளிர்ந்தால்தான் அது மொட்டு வைக்கும்.
சுங்கத்திலும் விடமாட்டார்கள்.
பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம்.
"நல்லது" என்றாள். "அப்படியானால் விற்றுவிடுங்கள்."
அதுவரை நான் பெயரே கேட்கவில்லை.

பதினெட்டு டாலர் என்று சீட்டு எழுதினேன்.
இன்னும் கட்டவில்லை, மேல்கோட்டுப் பையில் கிடக்கிறது,
நனைந்து, எண் கலைந்து.
தொலைபேசி அடிக்கிறது.