முப்பத்திரண்டாம் பாறை

மலையில் பாறைகளுக்கு எண் போடுவது என் வேலை.
சிவப்பு பெயின்ட், இரண்டங்குல பிரஷ், ஒரு பதிவேடு.
ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை போட்டாயிற்று.
ஒன்பதாம் எண்ணுக்கு மறுவாரமே
மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள்.
இப்போது அது அம்மன்.
என் ஒன்பது அவள் முகத்தில்
மூக்குத்தி மாதிரித் தெரிகிறது.

முப்பத்திரண்டின் மேல்தான் சுவர் நிற்கிறது.
வேலூர் என்றதும் எல்லாரும் நினைக்கும் கோட்டையல்ல,
அகழியும் போட்டோ எடுப்பவர்களும் இல்லாத மேல்கோட்டை.
பாறை சுவரைத் தாங்குகிறதா,
சுவர்தான் பாறையைப் பிடித்திருக்கிறதா என்று
இரண்டு துறைகளுக்குள் கடிதம் ஓடுகிறது.
துளை போட்டுக் கம்பி இறக்கு என்கிறது ஒன்று.
உளியே படக்கூடாது என்கிறது மற்றது.
சுவருக்கு நீலப் பலகை உண்டு, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று.
சுவருக்குக் கீழே நாற்பது வீடுகளுக்கு
கரண்ட் கார்டு உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு,
பட்டா இல்லை.

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று
இந்த ஊரைக் கேலி செய்வார்கள்.
கேலி செய்தவர் ஐப்பசியில் இங்கே ஏறியிருக்க மாட்டார்.
வேரில்லாத மண்
அளவு தெரியாமல் தண்ணீர் குடிக்கும்.

பாறைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல்.
ஆடியில் அதன் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்று ஒட்டினேன்.
சாண் நீளம், அட்டைக் கனம்.
மலை நகர்ந்தால் இது உடையும்,
உடைந்தால் போன் பண்ணுங்க என்று
ஒட்டிய வீட்டு தில்ஷாத்திடம் நம்பர் கொடுத்தேன்.
பீடி இலை நறுக்கியபடியே தலையாட்டினார்.

போன் வரவில்லை.
வாராவாரம் ஏறினேன், பட்டை முழுசாக இருந்தது.
அசைவு இல்லை என்று எழுதினேன்.
அசைவு இல்லை. அசைவு இல்லை.
கையெழுத்து, தேதி.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை
வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது
பட்டையின் ஓரம் பச்சையாக மின்னியது.
நான் ஒட்டியதற்குப் பச்சை ஓரம் கிடையாது.
இது ஜன்னல் கண்ணாடி,
யாரோ அளவெடுத்து அறுத்தது.
பசைகூட என்னுடையதைவிடச் சுத்தம்.

தில்ஷாத் மறுக்கவில்லை.
பீடித் தட்டுக்கு அடியிலிருந்து
செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.
உடைந்த பட்டைகள், நான்கு.
ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷில் தேதி.
ஒன்றில் மட்டும் நேரம்: ராத்திரி ரெண்டே கால்.
கடைசி தேதி, போன செவ்வாய்.

"பாலாத்துக்கு அந்தாண்ட மூணாவது மாடி தராங்களாம்.
எலை குடுக்கறவரு அவ்ளோ தூரம் வருவாரா?"
அப்புறம், கொஞ்சம் மெதுவாக,
"சத்தம் கேட்டா புள்ளைங்கள எழுப்பி
கீழ பள்ளிவாசல்ல போய்ப் படுத்துக்குவோம்.
காலைல வந்து மாத்திடுவேன்."

என் பதிவேட்டில் அந்த நான்கு நாளும்
மலை நல்ல பிள்ளையாகத் தூங்கியிருந்தது.

குந்தி உட்கார்ந்து நான்கு தேதிகளையும் எழுதினேன்,
நேரம் தெரிந்த ஒன்றுக்கு நேரத்தோடு.
'பார்த்தவர் பெயர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அவர் எட்டிப் பார்த்தார்.
"போடுங்க. ஷீனுக்கு ஷா போட்டு, சரியா எழுதுங்க."
எழுதினேன்.
கீழே போய் இதைக் கொடுப்பேன் என்றேன்.
தெரியும் என்றார்.

பையில் புதுப் பட்டை ஒன்று இருந்தது.
என் பசை காய்ந்து போயிருந்தது,
உள்ளே போய் அவருடையதை எடுத்துவந்தார்.
பிடிக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.
நான் பாறைப் பக்கம், அவர் சுவர்ப் பக்கம்.
கீழே பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஒரு பஸ்
திருவண்ணாமலை, திருவண்ணாமலை என்று கூவிக்கொண்டிருந்தது.
அறுபதுவரை எண்ணலாம் என்றேன்.
"நூறு எண்ணுங்க" என்றார்.