லேசான சமையல்

ஈசூனில் முதல் அறை.
தொலைபேசியில் முகவர்
என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டார்.
என், ஏ, இரண்டு பி...
"தாய்லாந்தா?" குரலில் ஒரு நம்பிக்கை.
நப்பின்னை, திருவாரூர் என்றேன்.
அந்த நொடியில்தான்
அறை வேறு யாருக்கோ போய்விட்டதாம்.

கேலாங்கில் படியேறும்போதே தூரியான் வாசம்.
கட்டில் இடித்துக் கதவு பாதிதான் திறந்தது.
"ஒல்லியாகத்தானே இருக்கிறீர்கள்" என்றார் வீட்டுக்காரர்
கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல்.
ஜன்னல்?
காலண்டரை விலக்கிக் காட்டினார்.
ஒரு சாண் தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர்,
அதில் ஒரு பல்லி,
அதுவும் முன்பணம் கட்டியதுபோல் அசையாமல்.

ஹவ்காங், பன்னிரண்டாம் மாடி, நல்ல காற்று.
வாடகையைச் சொல்லும்போது
தலைக்கு மேல் போர்விமானம் போயிற்று.
மறுபடி கேட்டேன்.
ஐம்பது வெள்ளி கூடியிருந்தது.

செங்காங்கில் காட்டியது பதுங்கறை.
இரும்புக் கதவு, துளைபோடக் கூடாத சுவர்.
"சண்டை வந்தால் மட்டும்
நாங்களும் உள்ளே வருவோம்,
மற்ற நாளெல்லாம் உன்னுடையது."

தேக்காவில் முகவரும் இல்லை, எழுத்துக்கூட்டலும் இல்லை.
"வாம்மா, நம்ம ஊருப் பொண்ணு."
அறைக்கு ஆறு பேர், எனக்கு மேல்தட்டு,
மின்விசிறி மூக்குக்கு ஒரு முழம்.
அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.
காப்பி கொடுத்துவிட்டு அந்த அம்மா மெதுவாக,
"திருவாரூர்ல எந்தப் பக்கம்?"
தெற்கு வீதி என்றேன்.
"அது இல்ல, எந்தப் பக்கம்?"
எது என்று இருவருக்கும் தெரியும்.
ஆறிய காப்பியை அப்படியே வைத்துவிட்டு
தேக்கா நிலையம்வரை வேகமாக நடந்தேன்,
யாரோ துரத்துவதுபோல்.

எல்லா விளம்பரங்களிலும் அந்த வரி இருந்தது:
லேசான சமையல்.
லேசு என்றால் எவ்வளவு என்று
ஜூரோங்கில் ஒருவரைக் கேட்டேன்.
அன்பானவர், யோசித்துச் சொன்னார்:
"தண்ணீர் கொதிக்கலாம்.
எண்ணெய் கொதிக்கக் கூடாது."

கடைசியில் பிடோக் வடக்கு.
மேடம் குவெக் பெர்த்தில், மகள் வீட்டில்.
காணொளியில் என் முகத்தைப் பார்த்தார்,
பெயரை இரண்டு தரம் தப்பாகச் சொல்லிச் சிரித்தார்.
அடுப்புக்கு மேலே மரத்தட்டில்
அவர் விட்டுப்போன சமையலறைத் தெய்வம்.
நிபந்தனை ஒன்றுதான்:
பிறை முதல் நாளும் பதினைந்தாம் நாளும்
ஆரஞ்சு மாற்ற வேண்டும்.
மாற்றுகிறேன், மூன்று வருடமாக.
மறந்தால் பெர்த்திலிருந்து ஒரே ஒரு சொல் வரும்:
"ஆரஞ்சு?"
கடுகு வெடித்து அந்தத் தெய்வத்தின் தாடியில் பட்டிருக்கிறது.
மேடமிடம் சொல்லவில்லை,
துடைத்துவிட்டேன்.

போன வாரம் பக்கத்து அறை ஏ மோன்
மண்டலேக்கே திரும்பிப் போய்விட்டாள்.
"நீயே ஆள் பார்" என்றார் மேடம்.

அடுப்பில் வத்தக்குழம்பு.
உட்கார்ந்து தட்டினேன்:
நிலையத்துக்கு ஒன்பது நிமிடம்.
குளிர்பதனப் பெட்டியில் நடுத்தட்டு.
குளிரூட்டி இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு.
சமையல்...
அங்கே சுட்டி மினுக்கிக்கொண்டே நின்றது.
அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்,
பெருமையாகக்கூட இருந்தது.

அழைத்தவள் மீரிக்காரி, சரவாக்.
பெயர் விளங்கவில்லை.
எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்று
சொல்லிய பிறகுதான் கேட்டேன்
சொன்னது யாரென்று.

அவள் பொறுமையாகச் சொன்னாள்,
பலமுறை சொல்லிப் பழகிய பொறுமை.
பிறகு தானாகவே,
"சமைப்பேன். பிளாச்சான் வறுப்பேன்.
முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது."

"லேசாகவா?" என்றேன்.

மறுமுனையில் பேச்சில்லை.
அவள் பேருந்தில் இருந்தாள் போல,
மணி அடிக்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு
வந்து பாருங்கள் என்றேன்,
எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்துகொண்டே.