இடது மூலை விளக்கு

பைசாந்தூ ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
எங்கள் கிளப்பின் பிரிண்டருக்கு மட்டும்
இரவு ஏழே முக்காலுக்குத்தான் தெரிந்தது,
எவெலியோ சில்வேரா போகிறான் என்று.

பதினேழு பக்கம். போர்ச்சுகல் முத்திரை.
நான் கணக்கன்,
சுழியங்களை இரண்டு முறை எண்ணினேன்.
இயக்குநர் மிர்தா இதுரால்தே
அவன் பிறந்த தேதியில் இருந்த பிழையைத் திருத்தினார்.
பிறகு கையெழுத்து.
பிறகு மாத்தே குவளையில் வெந்நீர்.

காலையில் வாசலில் பத்தாம் எண் சட்டைகள் எரிந்தன.
ஆற்றுக் காற்றில் பாலியெஸ்டர் நாற்றம்.
அவனைத் துரோகி என்றார்கள்,
இவரைத் தரகுக்காரி என்றார்கள்.
காவலாளியிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.
அணைக்க அல்ல.
"சின்னப் பையன்கள் நிற்கிறார்கள்,
பக்கத்தில் இருக்கட்டும்."

மைக்குகளுக்கு முன்னால் மூன்றே வாக்கியம்:
அவனுக்கு இருபது வயது.
வருகிற பணத்தில் முதலில் பெண்கள் அணிக்குப் பேருந்து.
சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆட்டம் இருக்கிறது.

அவன் இடத்தில் யார், என்று ஒருவன் கத்தினான்.
"அவன் இடத்தில் யாருமில்லை.
பதினோரு பேர் ஆடுவார்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
ஒரு கதவையாவது
அறைந்து சாத்தக் கூடாதா இந்தப் பெண்மணி?
கிடங்கில் அவன் பெயரோடு
முந்நூற்று நாற்பது சட்டைகள் கிடக்கின்றனவே,
என்ன செய்ய என்றேன், வேண்டுமென்றே.
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"விலையைக் குறைக்காதீர்கள்."

சனிக்கிழமை.
ஆகஸ்டு மழையில் ஊறிய புல்.
கோல் இல்லை, கோல் வரும் அறிகுறியும் இல்லை.
எழுபத்தெட்டாம் நிமிடம், இருட்டு இறங்கும் நேரம்,
இடது மூலையிலிருந்து ஒரு கார்னர்.
நாலாயிரம் தலைகள் ஒன்றாய்த் திரும்பின
கிட்டக் கம்பத்தின் பக்கம்,
அவன் எப்போதும் எம்பி எழும்
அந்த இரண்டு முழ நிலத்துக்கு.
பந்து அதன் மேலாகக் கடந்து
வெளியே போனது.

தலைகள் மீண்டன.
அவருடையது மட்டும் அங்கேயே இருந்தது,
கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம்.
மடியில் குவளை ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு குறிப்பேட்டை எடுத்து எழுதினார்.
பக்கத்து இருக்கை, எட்டிப் பார்த்துவிட்டேன்:
இடது மூலை விளக்கு மங்கல்.
திங்களன்று மாற்றணும்.

நிமிர்ந்து பார்த்தேன்.
விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
திங்களன்று
ஒரு பல்புக்குச் செலவு எழுதினேன்.