கடல்நாள்

கப்பலில் அதற்குக் கடல்நாள் என்று பெயர்.
எந்தத் துறையையும் தொடாத நாள்.
மூவாயிரம் பேர் வெயிலில் மல்லாந்து கிடப்பார்கள்,
புத்தகம் நெஞ்சில் கவிழ்ந்திருக்க,
கிளாசுக்குள் ஐஸ் தன்பாட்டில் கரைய.
எனக்கு அன்றைக்குத்தான் முதுகு முறியும்.
ஒருவரும் இறங்காத கப்பலில்
பதினெட்டு அறை, இரண்டு தரம்.
துவாயை யானையாக மடித்துக்
கட்டிலில் இருத்தவேண்டும்,
கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொட்டு.

லீவில் கள்ளப்பாட்டுக்கு வந்து
இதை மெற்றில்டாவுக்குச் சொன்னேன்.
யானைக்குச் சிரித்தாள்.
"எனக்கும் ஒண்டு வேணும்."
யானையையாக்கும் என்று துவாயை எடுத்தேன்.
"அதில்லை. கடல்நாள்."

அவள் தமையன் யூட்டின் போட்,
இருபத்தைந்து குதிரை எஞ்சின்.
மண்ணெண்ணெய்க்கு மட்டும் காசு வாங்கினான்.
வலை இல்லை, தூண்டில் இல்லை.
ஒரு பாய், ஒரு குடை, இரண்டு சோத்துப் பார்சல்,
பப்பாசிப் பாதி, நெக்டோ போத்தல்.

கரையில் நேவிப் பொடியன் கொப்பியை நீட்டினான்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.
மூன்று மொழியில் அச்சடித்த கொப்பி,
சும்மா இருக்கப் போகிறவனுக்கு
ஒன்றிலும் இடமில்லை.
'மீன்பிடி' என்று எழுதினேன்.
குடையைப் பார்த்தான்,
மெற்றில்டாவின் கூலிங்கிளாசைப் பார்த்தான்,
கொப்பியை மூடினான்.

சோளகம் இன்னும் எழும்பவில்லை.
எஞ்சினை நிறுத்தியதும்
காதுக்குள் ஒரு அறை காலியானது.
அவள் படுத்தாள்.
நான் பாயின் மூலையை இழுத்துவிட்டேன்,
பலகையைத் துடைத்தேன்,
திரும்ப மூலையை இழுத்தேன்.
"இண்டைக்கு நீங்களும் பயணி. பேசாமல் கிடவுங்கோ."
கிடந்தேன். கை மட்டும் கிடக்கவில்லை.

பத்து மணியிருக்கும், எழும்பிக் கரையைப் பார்த்தாள்.
பனை, தேவாலயக் கூரை, தண்ணீர்த் தாங்கி.
"அப்ப மாத்தளனுக்கு ஒரு கப்பல் வந்தது.
வெளியால நிண்டது.
காயக்காரரை வள்ளத்தில ஏத்திக் கொண்டுபோச்சினம்.
நானும் வரிசையில நிண்டனான்.
எனக்குக் காயம் காணாது எண்டிட்டினம்."

சொல்லிவிட்டுப் பார்சலை அவிழ்த்தாள்.
"கத்தரிக்காய்க்கு உப்புக் கூடிப்போச்சு."
இல்லை, அளவுதான் என்றேன்.
எட்டு வருசமாய்ச்
சிப்பி வெட்டியது என்று நான் நினைத்திருந்த
இடக் கணுக்கால் தழும்பு
நெக்டோ போத்தலுக்குப் பக்கத்தில்
வெயில் காய்ந்தபடி கிடந்தது.

துவாயை எடுத்து மடித்தேன்.
ஆடுகிற போட்டில் யானை நிற்க மறுத்தது.
அணியத்தில் சாய்த்து இருத்தினேன்,
கண்ணுக்கு இரண்டு பப்பாசி விதை.
"மேடம், இன்னும் ஐஸ்?"
"ஓம். எலுமிச்சையும் போட்டு" என்று
ஆறிப்போன நெக்டோவை வாங்கிக் குடித்தாள்.

பிறகு நித்திரை. குறட்டையும் உண்டு.
சொறி ஒன்று அடியால் போனது,
அவசரமில்லாத ஒரு பிளாஸ்டிக் பை போல.
நிழல் அவள் முகத்தை விட்டு நகர நகரக்
குடையை நகர்த்தினேன்.
அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான்.

சவிரியான் அண்ணையின் போட் கிட்ட வந்தது.
"எஞ்சின் பழுதோ? கட்டி இழுக்கட்டே?"
"இல்லையண்ணை, சும்மா."
"சும்மாவோ?"
இரண்டு தரம் எங்களைச் சுற்றினார்.
நம்பிக்கை வராமல்
ஒரு கயிற்றை எறிந்துவிட்டுப் போனார்.

பின்னேரம் கரையில் அதே பொடியன், அதே கொப்பி.
'பிடித்த மீன், கிலோ'.
பூச்சியம் போட்டேன்.
அவன் எட்டிப் பார்த்தான்.
யானைக்கு ஒரு கண் கழன்றுவிட்டிருந்தது.
"அலியாவா?" என்று கையை நீட்டினான்,
இருபது வயசுகூட இராது.
மெற்றில்டா கொடுக்கவில்லை.
"அது எங்கட" என்றாள், தமிழில்.

தும்பிக்கையில் பிடித்துத் தூக்கியபடி
மணலில் முன்னால் போனாள்,
ஒற்றைக்கண் யானை சொட்டச் சொட்ட.
நான் பின்னால்,
சவிரியான் அண்ணைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய
கயிற்றோடு.