பதினோரு நாள் சிவப்பு

காலை ஆறே முக்காலுக்கு
மேலூர் யூனிட்டின் திரை திறக்கிறது.
நூற்று நாற்பத்தியாறு பேர்.
ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு புள்ளி.
மாத்திரையைப் பிதுக்கினால்
உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஓர் எண்.
அதற்கொரு மிஸ்டு கால்.
அடித்தால் பச்சை. அடிக்காவிட்டால் சிவப்பு.
மூன்று நாள் பயிற்சியில்
எனக்குச் சொல்லித்தந்தது இவ்வளவுதான்.

சேவுகன், ஐம்பத்திரண்டு, ஆண்.
திரையில் அவர் செவகன்;
ஆதாரில் சேவகன்;
எக்ஸ்ரே உறையில், யார் எழுதினார்களோ, செவந்தன்.
முகவரி: டிரான்ஸ்பார்மர் அருகில்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவருக்குப் பெயர்
"அந்தப் பதினொன்று".
பதினோரு நாளாகச் சிவப்பு.

கீழவளவு தாண்டி வண்டியைத் திருப்பினேன்.
மூடின குவாரிகளில் பாசித் தண்ணீர்.
அறுத்தபடி விட்டுப்போன பாறை
படிக்கட்டு மாதிரி இறங்கி
எங்கேயும் போகாமல் நிற்கிறது.
இருபது வருசம் அதில் துளை போட்டவர்,
மூக்கில் ஒரு ஈரத்துண்டு கட்டி.
காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு:
புகை, குடி, சர்க்கரை, மற்றவை.
கல்லை நான்
மற்றவையில் போட்டிருந்தேன்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.
"வாங்க மேடம். செத்துட்டேன்னு வந்துருச்சா?"
"மாத்திரை போடலைன்னு வந்துருக்கு."
உள்ளே போய்
அரிசி டின்னிலிருந்து அட்டைகளை எடுத்து விரித்தார்.
எல்லாக் குழியும் காலி.
எல்லா எண்ணும் வெளியே.
"ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு.
ஓசிக் காலுக்கும் நூத்தித் தொண்ணூத்தொம்பது கட்டணுமாம்ல?"

"பக்கத்துல யார்கிட்டயாவது போன் வாங்கி..."
சுவருக்கு அந்தப் பக்கம் ஒய்யம்மாளின் மிக்சி
ஓடி நின்றது.
குரலைத் தாழ்த்தினார்.
"அடிச்சதும் மெசேஜ் வருதே மேடம்,
காசநோய் மாத்திரைக்கு நன்றின்னு.
அவுக போன்ல அது வரணுமா?
மகளுக்குத் தையில தேதி வச்சுருக்கு."

நான் பேசாமல் நின்றதை
நம்பாமல் நிற்பதாக நினைத்திருக்க வேண்டும்.
"வேணும்னா கொல்லைப்பக்கம் வந்து பாருங்க.
ஒரு நா விடாம
செம்பருத்தித் தண்ணியாட்டம்தான் ஒண்ணுக்குப் போகுது.
கம்ப்யூட்டருக்கு அது தெரியாதா?"
சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.
நானும்தான்.

மருந்து ரத்தத்தில் இறங்கினதற்கு ஒரு சிவப்பு,
இறங்காததற்கு ஒரு சிவப்பு.
இரண்டும் ஒரே ஆள் பேரில்.

டேப்லெட்டைத் திறந்தேன்.
சிக்னல் ஒரு கோடு;
புளியமரத்தடிக்குப் போனால் இரண்டு.
புள்ளியைத் தொட்டால் பட்டியல் விழுகிறது:
ஊர் மாறிவிட்டார். மறுத்துவிட்டார்.
பக்கவிளைவு. இறந்துவிட்டார்.
கடைசியில்,
'உட்கொண்டதை நேரில் கண்டேன்.'
நான் கண்டது காலி அட்டை.
விழுங்கினதைக் கண்டது
அந்தச் சுவரும் ஒரு செம்புத் தண்ணீரும்.

அழுத்தினேன்.
"உறுதியாகவா?" என்றது.
ஆம்.
அடுத்த நாளுக்கு மறுபடி, உறுதியாகவா?
ஆம்.
பதினோரு தடவை கேட்டது,
பதினோரு தடவை சொன்னேன்.
இத்தனை முறை என் கல்யாணத்தில்கூட
என்னை யாரும் கேட்கவில்லை.

குறிப்புக்கு ஐம்பது எழுத்து இடம்.
'ரீசார்ஜ் இல்லை, பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடா'
அதோடு நின்றுவிட்டது.

கூட்டத்தில் சொன்னார்கள்,
"மேலூர் பரவாயில்லை, சிவப்பு குறைஞ்சிருக்கு."
அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள்.
கொட்டாம்பட்டியில் ஒரு பதினாலு இருந்தது.

மறுநாள் அவர் வரிசையில்
நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பச்சை.
ஒய்யம்மாள் வீட்டுச் சேவலும் எழுந்திருக்காத நேரம்.
ரீசார்ஜ் போட்டது யாரென்று கேட்க
திரையில் பெட்டி கிடையாது.
நல்லவேளை.

பெயர்த் திருத்தத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.
நிலுவை என்று காட்டுகிறது.
தினமும் மாத்திரை போடுகிறார்
செவகன்.